அலை ஓயும் கணங்கள்

கோவளத்து மணலில் ஒரு கேள்வி

தாம்பரத்திலிருந்தும் சேலையூரிலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை வழியாகக் கிழக்கே புறப்பட்டு, பொழுது சாயும் வேளையில் கோவளத்துக் கடற்கரையை அடைந்து, மிளகாய் பஜ்ஜியும் சுண்டலுமாக மணலில் குடும்பத்தோடு அமர்ந்துவிடுகிற நம்மவர்களுள், எதிரே புரண்டு வந்து உடைகிற அலையைப் பார்த்தவண்ணம் இருக்கையில், இவ்வளவு சக்தியும் இப்படி வீணாகப் போகிறதே என்று ஒரு கணமேனும் எண்ணாதவர் மிகச் சிலரே. வீட்டில் கீழ்த்தொட்டித் தண்ணீரை மாடித்தொட்டிக்கு ஏற்ற ஒரு மோட்டார் அரைமணி நேரம் உறுமுகிறது. அதற்காக நாம் கட்டுகிற மின்கட்டணத்தையும் அறிவோம். இங்கேயோ எவர் ஏவலும் இல்லாமல் எத்தனையோ டன் தண்ணீர் எழும்பி விழுந்துகொண்டே இருக்கிறது.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கங்களில் வெள்ளம் சூழ்ந்து, மின்சாரம் இன்றி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரவுகளைக் கழித்தவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகவே தோன்றியிருக்கும். ஏனெனில் அவர்கள் இருட்டில் அமர்ந்திருந்த அதே நாட்களில்தான், அங்கிருந்து சில கிலோமீட்டருக்கு அப்பால், சமுத்திரம் தன் வழக்கமான சக்தியைவிடப் பன்மடங்கு சக்தியைக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

சூரியன் அஸ்தமித்துவிடும், காற்று சில நாள் இலையசையாமல் நின்றுவிடும். அலை அப்படியன்று. அலை ஓய்ந்து தலை முழுகுவது எப்போது என்று பழமொழி கேட்கிறபோதே, அது ஓயாது என்பதை நம் முன்னோர் தீர்மானமாகச் சொல்லிவிட்டனர். ஓயாத ஒன்றிலிருந்து ஓயாத மின்சாரம் எடுப்பதற்கு என்ன தடை?

பார்க்க எளிய கேள்வி. ஆனால் இதற்கு முறையாக விடை தேடப் புகுகிறவர், நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பை முடித்த பிறகு, மேலும் இரண்டு ஆண்டுகளை அதற்கென்றே ஒதுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டமேற்படிப்பு மாணவருடைய தோளோடு தோளாக நடந்து, அவர் கற்பதில் கணிதம் நீங்கிய பகுதியை மட்டும் நாமும் கற்றுப் பார்ப்பதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையில்

கிழக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறி, சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் ஆகியவற்றைக் கடந்து வேளச்சேரி நோக்கிச் செல்லும் சாலையில், உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022ஆம் ஆண்டு இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கமாக வரும்போது, இரண்டு பெயர்ப்பலகைகள் கண்ணில் படும். ஒன்று 1993இல் தோன்றிய தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். மற்றொன்று தேசியக் காற்றுச் சக்தி நிறுவனம். கடலை ஆராய்கிறவர்களும் காற்றை ஆராய்கிறவர்களும் ஒரே சாலையில் அண்டை வீட்டுக்காரர்களாக இருப்பது தற்செயலாகவே இருக்கலாம். எனினும் அலை என்பது காற்று கடலில் இட்டுச் சென்ற வைப்புத்தொகையே என்பதை நினைத்தால், இந்த அண்டைமை பொருத்தமாகத்தான் இருக்கிறது. வடக்கே கிண்டிக் காட்டினுள் சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறை; தெற்கே தையூரில் அதே ஐ.ஐ.டி.யின் புதிய வளாகத்தில் ஒரு பெரிய அலைத்தொட்டி. கடலைப் படிக்கிற இந்த இடங்களில் எதன் வாயிலில் நின்றாலும் கடல் தெரியாது என்பதையும் ஒரு வேடிக்கையாகச் சொல்லி வைக்கிறேன்.

அலை, கடல்நீரோட்டம், ஏற்றவற்றம், மேல்நீருக்கும் அடிநீருக்கும் உள்ள உஷ்ண வேறுபாடு, கடற்பரப்பின் மேல் வீசும் காற்று ஆகிய இவற்றிலிருந்து பெறத்தக்க சக்திகளை, எடுக்க எடுக்க மீண்டும் வருவன என்ற காரணத்தால், கடல் மீள்சக்தி என்று இந்நூலில் வழங்குவோம். இதைப் பயில வருகிற மாணாக்கர் ஒரே குலத்தவர் அல்லர். சிவில் படித்தவர், மெக்கானிக்கல் படித்தவர், மின்னியல் படித்தவர், கப்பற்கட்டுமானம் படித்தவர் என்று பலரும் ஒரே வகுப்பில் வந்து அமர்கிறார்கள். முதலாமவருக்கு அலை என்றால் சுவரில் மோதும் பாரம், இரண்டாமவருக்கு அது ஒரு சக்கரத்தைச் சுழற்றும் விசை, மூன்றாமவருக்கு அது ஒரு கம்பியின் மறுமுனை. இவர்கள் அனைவரையும் ஒருவர் மொழியை ஒருவர் பேசச் செய்வதிலேயே முதல் பருவம் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது.

ஏற்றவற்றத்தைச் சென்னைக்காரர் முதல் வாரத்திலேயே ஒதுக்கிவிடலாம். பிரான்ஸ் தேசத்தில் ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் 1966 முதல் 240 மெகாவாட் ஏற்றவற்ற மின்நிலையம் நடந்து வருகிறது. தென்கொரியாவில் சிஹ்வா ஏரியில் 2011இல் 254 மெகாவாட் நிலையம் ஏற்பட்டது. நம் நாட்டில் காம்பே வளைகுடாவில் கடல் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. சென்னையிலோ பௌர்ணமி அமாவாசைகளில்கூட அந்த ஏற்றம் ஒரு மீட்டர் அளவோடு நின்றுவிடும். ஆகவே நமக்குக் கண்ணெதிரே மிஞ்சுவது அலைதான்.

ஒரு மீட்டர் கரையின் கணக்கு

கரைக்குச் சற்று வெளியே, கடலில், கரைக்கு இணையாக ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு கிழித்ததாகப் பாவித்துக்கொள்வோம். ஒரு கதவின் அகலமே உள்ள அந்தச் சிறு வாசலின் வழியே எவ்வளவு சக்தி உள்ளே நுழைகிறது என்பதே மாணவர் போடும் முதல் கணக்கு.

கடலில் எந்த இரண்டு அலையும் ஓர் உயரம் உடையவை அல்ல. அதனால் வந்த அலைகளையெல்லாம் அளந்து, அவற்றுள் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்து, அதையே அன்றைய கடலின் உயரமாக வைத்துக்கொள்கிறார்கள். இதைக் குறியுயரம் என்போம். அநுபவப்பட்ட மீனவர் ஒருவர் கடலைப் பார்த்துவிட்டு வாயால் சொல்கிற உயரமும் பெரும்பாலும் இதற்கு ஒத்தே இருக்கும் என்பது இந்த அளவுகோலுக்கு ஒரு பெருமை. நம் கரையில் சாதாரணமான ஒரு நாளுக்குக் குறியுயரம் ஒரு மீட்டர் என்றும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே ஆறு விநாடி என்றும் கொள்வோம்.

அலையின் உயரம் இருமடங்கானால் சக்தி இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. ஏனெனில் உயரம் இரட்டிக்கிறபோது மேலே தூக்கப்படுகிற தண்ணீரும் இரட்டிக்கிறது, அது தூக்கப்படுகிற உயரமும் இரட்டிக்கிறது. நீண்ட இடைவெளி உடைய அலை அதிக வேகத்தோடு நடப்பதால், அதே உயரத்துக்கு அதிகச் சக்தியைக் கொண்டுவருகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மேலே சொன்ன நமது சாதாரண நாளில், அந்த ஒரு மீட்டர் வாசல் வழியே நுழைவது ஏறத்தாழ மூன்று கிலோவாட். ஒன்றரை டன் ஏ.சி. இரண்டை ஓட்டலாம், கேட்கும்போது மோசமில்லை என்றே தோன்றும்.

இனி இதைக் கொண்டு ஒரு காரியம் செய்து பார்ப்போம். தென்சென்னைப் புறநகர்கள் பலவற்றுக்குக் குடிநீர் தருகிற நெம்மேலிக் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை, 2013இல் தொடங்கப்பட்டபோது, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நீரைத் தருவதற்காக அமைக்கப்பட்டது. இவ்வகை ஆலைகளில் ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். மூன்றரை என்று வைத்தால் ஒரு நாளைக்கு மூன்றரை லட்சம் யூனிட். கடலைக் குடிநீராக்கும் செலவைக் கடலே ஏற்றுக்கொண்டால் எவ்வளவு அழகாக இருக்கும்!

ஒரு மீட்டர் அலை மூன்று கிலோவாட் வீதம் இருபத்துநான்கு மணி நேரமும் வருவதானால் ஒரு நாளைக்கு 72 யூனிட் ஆகிறது. ஆனால் வந்ததெல்லாம் கைக்குக் கிடைப்பதில்லை. யந்திரத்தின் வாயில் அகப்படாமல் தப்புவது கொஞ்சம், காற்றாகவும் எண்ணெயாகவும் சக்கரமாகவும் மாறுகிற ஒவ்வொரு படியிலும் சிந்துவது கொஞ்சம், கம்பியில் தேய்வது கொஞ்சம் என்று போக, ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சியது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மீட்டருக்குப் பதினான்கு யூனிட்டும் சொச்சமும். மூன்றரை லட்சத்தை இதனால் வகுத்தால் வருவது இருபத்துநாலாயிரம் மீட்டருக்குச் சற்று அதிகம்.

அதாவது, அடையாற்று முகத்துவாரத்திலிருந்து ஊரூர் குப்பம், கொட்டிவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், கானத்தூர், முட்டுக்காடு என்று ஒவ்வோர் ஊரின் கடலையும் இடைவெளி இல்லாமல் யந்திரங்களால் அடைத்துக்கொண்டு ஏறக்குறையக் கோவளம் வரை வந்தால், நெம்மேலியின் அந்த ஓர் ஆலை ஓடும். ஃபைபர் படகுகள் எந்த வழியாகக் கடலுக்குப் போகும், பங்குனி ஆமைகள் எந்த வழியாக முட்டையிடக் கரைக்கு வரும் என்பவற்றை மாணவருடைய கணிப்பொறி கேட்பதில்லை, தேர்வாளர் கேட்பார்.

இன்னும் ஒன்று. தாம்பரத்தில் ஒரு மாடிவீட்டின் மேல் மூன்றரைக் கிலோவாட்டுக்குச் சூரியத்தகடு போட்டவரும் நாளொன்றுக்குச் சராசரியாக இதே பதினான்கு யூனிட்டைத்தான் பெறுகிறார். அதற்கு அவர் மூழ்குவோரை அமர்த்த வேண்டியதில்லை, மாதம் இருமுறை துடைத்தால் போதும். கடல் மீள்சக்தி பயில்கிறவர் முதலில் பழக வேண்டியது இந்த அடக்கம். பெருங்கடல் என்று நாம் மலைப்பது அதன் மொத்தத்தைக் கண்டு. யந்திரத்துக்குக் கிடைப்பதோ அதன் ஒரு மீட்டர்.

கண்ணாடித் தொட்டியில் இரண்டு வாட்

அலைத்தொட்டி என்பது நீண்ட, குறுகிய, பக்கங்களில் கண்ணாடி பதித்த ஒரு கால்வாய். ஒரு முனையில் கதவு போன்ற ஒரு துடுப்பு முன்னும் பின்னும் அசைந்து அலையை உண்டாக்கும். மறுமுனையில் சரிவாக அடுக்கிய கற்களோ துளையிட்ட தகடுகளோ அந்த அலையை விழுங்கிக்கொள்ளும். விழுங்காவிட்டால் அலை திரும்பி வந்து பரிசோதனையைக் கெடுத்துவிடும். நடுவே இரண்டு மெல்லிய கம்பிகள் நீரில் இறங்கி நிற்கும். அவற்றில் நீர் ஏறி இறங்குவதைக் கொண்டு அலையின் உயரம் பதிவாகிறது. துடுப்பு அசையத் தொடங்கியதும் முதல் சில அலைகளை எவரும் பொருட்படுத்துவதில்லை. தொட்டி நிதானத்துக்கு வரட்டும் என்று காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில் டீ குடித்துவிட்டு வரும் வழக்கமும் உண்டு.

மாதிரியை உண்மை அளவில் இருபத்தைந்தில் ஒரு பங்காகச் செய்தார்கள் என்று கொள்வோம். அப்போது ஒரு மீட்டர் அலை நான்கு சென்டிமீட்டராகிறது. காலமும் சுருங்க வேண்டும். ஆனால் இருபத்தைந்தில் ஒரு பங்காக அல்ல, ஐந்தில் ஒரு பங்காக. நீளம் சுருங்குகிற அளவின் வர்க்கமூலம்தான் காலம் சுருங்கும் அளவு. ஆறு விநாடி அலை இங்கே ஒன்றேகால் விநாடிக்குச் சற்றுக் குறைவாக வந்து போகிறது.

சக்தி என்ன ஆகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மாதிரியிலிருந்து உண்மை யந்திரத்துக்குப் போகும்போது, நீளம், அகலம், ஆழம் மூன்றும் இருபத்தைந்து மடங்காவதால் நீரின் எடை 15,625 மடங்காகிறது. அந்த எடை தூக்கப்படும் உயரமும் இருபத்தைந்து மடங்கு. ஆனால் அந்த வேலை நடக்க ஐந்து மடங்கு நேரம் பிடிக்கிறது. பெருக்கி வகுத்துப் பார்த்தால் 78,000 மடங்கு வருகிறது. கடலில் 150 கிலோவாட் தரப்போகிற ஒரு யந்திரம் தொட்டியிலே தருவது இரண்டு வாட்டுக்கும் குறைவு. மாதிரியின் அச்சாணியில் எண்ணெய் சரியாக இடாமல் அரை வாட் உராய்வில் போனால், மாணவருடைய ஆய்வேட்டில் முப்பத்தொன்பது கிலோவாட் காணாமற்போகும். இந்தப் படிப்பில் ஆண்டுக்கணக்காக மனிதரை வாட்டுவது கடலன்று, இந்த அரை வாட்தான் என்று சொன்னால் மிகையாகாது.

விழிஞ்ஞத்தின் சுவாசம்

தொட்டியிலிருந்து கடலுக்குப் போன யந்திரம் ஒன்று நம்மவர்களுடைய சரித்திரத்தில் உண்டு. 1980களின் தொடக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் தொடங்கிய அலைச்சக்தி ஆராய்ச்சியின் பயனாக, மத்திய அரசின் கடல் வளர்ச்சித் துறையின் ஆதரவோடு, கேரளத்தில் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அருகே 1991இல் 150 கிலோவாட் அலைமின் நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. சென்னையில் பிறந்த எண்ணம் கேரளத்துக்குப் போனதன் காரணம் நாம் போட்ட கணக்கிலேயே இருக்கிறது: தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அந்தக் கரையின் அலை நம் கரையின் அலையைவிட மிக வலியது.

அதன் அமைப்பைப் புரிந்துகொள்ள, ஒரு டம்ளரைக் கவிழ்த்து, வாய் சற்றே நீரில் மூழ்கும்படி பிடித்து, அடிப்பக்கத்தில் ஒரு துளை இட்டதாகக் கற்பனை செய்தால் போதும். வெளியே அலை எழும்போது டம்ளருக்குள்ளும் நீர் எழும்பி, உள்ளே உள்ள காற்றைத் துளை வழியாக வெளியே தள்ளும். அலை இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். விழிஞ்ஞத்தில் அந்த டம்ளர், கடலடியில் அமர்த்தப்பட்ட மாபெரும் கான்கிரீட் பெட்டி. துளையில் ஒரு சுழலி. கடல் மூச்சு விடுகிறது, மூச்சு இழுக்கிறது. அந்த மூச்சில் சக்கரம் சுழல்கிறது. சக்கரம் நீரைத் தொடுவதே இல்லை. உப்பும் கொட்டலசும் ஒட்டி அரிக்கிற அபாயம் அதற்குப் பெரிதும் குறைகிறது என்பது இதன் சிறப்பு.

ஆனால் இங்கேதான் பழமொழி தோற்கிறது. ஆறு விநாடிக்கு ஓர் அலையானால் நிமிஷத்துக்குப் பத்து அலை. ஒவ்வோர் அலையிலும் காற்று ஒருமுறை வெளியேறி, நின்று, ஒருமுறை உள்ளேறி, மறுபடியும் நிற்கிறது. ஆக, ஓயாதது என்று நாம் நம்பியிருந்த அலை, யந்திரத்தின் கண்ணுக்கு நிமிஷத்தில் இருபது முறை ஓய்ந்து போகிறது! போதாக்குறைக்கு, ஒவ்வோர் ஓய்வுக்குப் பின்னும் திசை மாறுகிறது. சாதாரணக் காற்றாடியை அங்கே வைத்தால், ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் தடுமாறி நிமிஷத்தில் இருபது முறை தன்னைத் தானே தடுத்துக்கொள்ளும்.

வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் வெல்ஸ் என்பவர் 1970களின் பிற்பகுதியில் இதற்கு ஓர் உபாயம் கண்டார். அவர் சுழலியின் இதழைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், மேலும் கீழும் ஒரேமாதிரியான வளைவோடு, மூக்கு தடித்து வால் மெலிந்த ஒரு மீன் வடிவம் தெரியும். காற்று மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும் அந்த மீன் மூக்கு நோக்கியே தள்ளப்படுகிறது. ஆதலால் கடலின் மூச்சு எத்திசையில் போனாலும் சக்கரம் ஒரே திசையில் சுழல்கிறது. விழிஞ்ஞத்தில் அமைந்ததும் இந்த வெல்ஸ் சுழலிதான். கண்டால் எவரும் வியக்கத்தக்க எளிமை. என்றாலும் எளிமைக்கும் ஒரு விலை உண்டு. நின்ற நிலையிலிருந்து தானே புறப்படும் வலிமை அதற்குக் குறைவு. மூச்சு மெலிந்தால் சோர்கிறது; அளவுக்கு மிஞ்சி வீசினால் காற்று இதழைப் பற்றாமல் பிய்த்துக்கொண்டு போய்விட, அப்போதும் சோர்கிறது. மின்வலையோடு நேராக இணைந்த தூண்டல் ஜெனரேட்டர் ஒன்று இதனோடு பூட்டப்பட்டிருக்குமானால், அலை மெலிந்த வேளைகளில் அது மின்சாரம் தருவதை விட்டு, வலையிலிருந்து மின்சாரத்தை வாங்கி, மோட்டாராக மாறி, சுழலியைத் தானே சுழற்றிக்கொண்டிருக்கும். வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்க வந்த பிள்ளை வீட்டிலேயே கைம்மாற்று வாங்குவதற்கு இது ஒப்பு.

மாணவர் இதைக் கற்கிற இடத்தில்தான் மின்னியல் படித்தவருக்கு வகுப்பிலே மதிப்பு உயர்கிறது. ஓய்வுகளை நிரப்பக் கனத்த சக்கரம் வைப்பதா, மின்கலம் வைப்பதா, வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஜெனரேட்டர் வைப்பதா, பல அறைகளை வரிசையாக வைத்து ஒன்று ஓயும்போது மற்றொன்று மூச்சு விடும்படி செய்வதா என்று வாதம் நடக்கும். ஸ்பெயின் தேசத்து முத்ரிகு துறைமுகத்தில் 2011 முதல் இயங்குகிற நிலையத்தில் பதினாறு சுழலிகள் வரிசையாக இருக்கின்றன. மொத்தத் திறன் சுமார் 300 கிலோவாட்.

மூன்று கிலோவாட்டில் பிழைத்து, புயலில் நிலைத்து

மாணவர் தம் இரண்டாம் ஆண்டில் போடுகிற கணக்கு ஒன்று உண்டு. என் மதிப்பில் இந்தப் படிப்பின் உயிர்நிலை அதுதான். புயல் நாள் ஒன்றில் குறியுயரம் ஆறு மீட்டராகவும் இடைவெளி பத்து விநாடியாகவும் ஆகிறது என்று வைப்போம். உயரம் ஆறு மடங்கானதால் முப்பத்தாறு மடங்கு. இடைவெளி நீண்டதால் இன்னும் ஒன்றரை மடங்குக்கு மேல். மீட்டருக்கு மூன்று கிலோவாட்டாக இருந்தது நூற்றெழுபதுக்கு மேல் போய்விடுகிறது. சாதாரண நாளைப்போல அறுபது மடங்கு!

மிக்ஜாம் இரவில் கரையில் கொட்டிய சக்தியை நினைத்து ஏங்கியவருக்கு இதுவே விடை. அன்று எந்த அலையந்திரமும் மின்சாரம் தர முயலாது. தன்னை மூடிக்கொண்டு, நங்கூரச் சங்கிலி அறாமல் இருந்தால் போதும் என்று கிடக்கும். வருவாய் வருவது மூன்று கிலோவாட் நாட்களில். இரும்பும் கான்கிரீட்டும் வாங்குவதோ நூற்றெழுபது கிலோவாட் நாளுக்காக. ஆண்டில் முன்னூற்றைம்பது நாள் தேவைப்படாத வலிமைக்கு முதல் நாளே விலை கொடுத்தாக வேண்டியிருப்பதால், அந்த யூனிட்டின் விலை சூரியத்தகட்டு யூனிட்டின் விலையை நெருங்க முடிவதில்லை. முத்ரிகுவில் புத்திசாலித்தனம் எங்கே இருக்கிறதென்றால், துறைமுகத்துக்கு எப்படியும் ஓர் அலைதடுப்புச் சுவர் கட்டியே தீர வேண்டியிருந்தது. சுவரோடு சுவராக அறைகளை அமைத்துக்கொண்டதால் புயலைத் தாங்கும் செலவைத் துறைமுகமும் பகிர்ந்துகொண்டது.

கடலில் காற்றாலை நடுவதற்கும் இதே கணக்குத்தான். ஆனால் அங்கே வருவாய் பெரிது, அடித்தளமும் கோபுரமும் உலகில் பலமுறை சோதிக்கப்பட்டவை. 2024ஆம் ஆண்டு ஜூனில் மத்திய அமைச்சரவை, குஜராத், தமிழ்நாட்டுக் கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு உதவி அளிக்கும் திட்டத்துக்கு இசைவு தந்தது. அலைக்காகச் சேர்ந்து காற்றுக்கு வேலைக்குப் போகிற மாணவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நங்கூரம், அரிப்பு, களைப்பினால் உலோகத்தில் விழும் விரிசல் என்று அவர்கள் கற்றது இரண்டுக்கும் பொது.

மின்சாரம் கேட்டால் தண்ணீர்

கடலின் உஷ்ணத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நம் கடலின் மேல்நீர் 28 டிகிரி அளவில் இருக்கிறபோது, ஆயிரம் மீட்டர் ஆழத்து நீர் ஏழெட்டு டிகிரியில் குளிர்ந்து கிடக்கிறது. இந்த வேறுபாட்டைக் கொண்டு அம்மோனியாவை ஆவியாக்கிச் சுழலியை ஓட்டலாம். இயற்கை விதிப்படி நூற்றுக்கு ஏழுக்குமேல் எடுக்க இயலாது. நடைமுறையில் மூன்று கிடைத்தால் அதிகம். அதிலும் அடிநீரை இறைக்கும் பம்புகள் ஒரு பங்கைத் தின்றுவிடும். தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தூத்துக்குடிக்கு அப்பால் சாகர் சக்தி என்ற மிதவையின்மேல் ஒரு மெகாவாட் நிலையம் அமைக்க முயன்றபோது, ஆழத்துக்கு இறங்க வேண்டிய நெடுங்குழாயைக் கடல் பறித்துக்கொண்டது.

ஆனால் அந்தத் தோல்வியில் கற்றது 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில் வேறு உருவில் பயன்பட்டது. பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் போய்க் கொதிக்கிறது அல்லவா? அதைத் தலைகீழாகச் செய்து, ஒரு கலத்தில் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்துவிட்டால், மேல்நீர் தன் 28 டிகிரியிலேயே ஆவியாகிறது. ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து கொண்டுவந்த குளிர்நீரால் அந்த ஆவியைத் தணித்தால் சொட்டுவது நன்னீர். நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். தீவின் கரையை விட்டுச் சற்றுத் தள்ளியதுமே கடல் செங்குத்தாக ஆழ்ந்துவிடுவதால் குழாயின் நீளம் குறைந்தது. சென்னையில் அதே முறையை 2007இல் ஒரு மிதவையில் வைத்துச் சோதித்தபோது, தக்க ஆழத்தைத் தேடிச் சுமார் 40 கிலோமீட்டர் கடலுக்குள் போக வேண்டியிருந்தது. நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர் வந்தது உண்மை. ஆனால் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் வந்தது.

விழிஞ்ஞத்து நிலையமும் பின்னாளில் கடல்நீரைக் குடிநீராக்கும் சிறு சோதனைக்கு இடங்கொடுத்தது. நீருக்கு ஒரு குணம் உண்டு: அது தொட்டியில் காத்திருக்கும். நிமிஷத்தில் இருபது முறை ஓய்ந்தாலும் குடிப்பவருக்குத் தெரியாது.

சிறிய விளக்கு

2022 நவம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் சிந்துஜா-1 என்ற அலையந்திரத்தைத் தூத்துக்குடிக் கரையிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு அப்பால், சுமார் இருபது மீட்டர் ஆழத்தில் நிறுத்திச் சோதித்தனர். மிதவை ஒன்று அலையோடு ஏறி இறங்க, அதன் நடுத்துளையில் செருகிய நெடுந்தண்டு அவ்வளவாக அசையாமல் நிற்க, இரண்டுக்கும் இடையே உள்ள அசைவு வேறுபாட்டில் ஜெனரேட்டர் சுழல்கிறது. இத்தகைய யந்திரங்களை முதலில் எங்கே வைக்கலாம் என்று கேட்டால், கம்பி எட்டாத இடங்களில் என்பார்கள்: நடுக்கடலில் நிற்கும் அளவைக் கருவிகள், தீவுகள், எண்ணெய்த் துரப்பண மேடைகள். அங்கே அலைமின்சாரம் போட்டியிடுவது மலிவான சூரியத்தகட்டோடன்று, படகில் ஏற்றிச் செல்லும் டீசலோடு.

இந்தத் தந்திரம் புதிதன்று. ஜப்பானில் யோஷியோ மசுதா என்பவர் 1960களிலேயே, விழிஞ்ஞத்துப் பெட்டியைப் போல மூச்சுவிடும் சிறு அறையொன்றைக் கப்பல்வழி காட்டும் மிதவைகளுக்குள் அமைத்து, அவற்றின் விளக்குகளை அலையாலேயே எரியச் செய்தார். பள்ளிக்கரணையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்து புறப்பட்ட அத்தகைய மிதவை ஒன்று, நம் நகரத்தின் வடகோடியில், எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இறக்கப்பட்டது. அலை ஏறி இறங்குகிறபோது அறை மூச்சு விட்டு மின்கலத்தை நிரப்புகிறது. இருட்டியதும் விளக்கு சில விநாடிக்கு ஒருமுறை மின்னி அணைகிறது. அதற்கு வேண்டியது சில வாட்; கப்பலோட்டி அதைக் கண்டு திசை அறிவதும் அது விடாமல் எரிவதால் அன்று, மின்னி அணைகிற கணக்கினால்தான்.